முதல்முறையாக ஆன்லைனில் அரசு டெண்டர் போடும் சிறு நிறுவனம் எதில் கவனமாக இருக்க வேண்டும்?
நாலு பேர் மட்டும் உள்ள நிறுவனம், முதல் டெண்டர், எங்கே சறுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைவிட நேரம்தான் முதலில் காலை வாரும். கெடு பிற்பகல் 3 மணி என்றால் அது சர்வரின் கடிகாரப்படி 3 மணி. 2.58க்குப் பதிவேற்றத் தொடங்கி 3.01க்கு முடிந்தால், பொதுவாக அது வராத டெண்டர்தான். காகிதக் காலத்தில் பெட்டி பக்கத்தில் நின்று கெஞ்சிப் பார்க்கலாம். சர்வரிடம் அது நடக்காது. நானாக இருந்தால் முந்தின நாளே போட்டுவிடுவேன். கெடு முடியும்வரை மாற்றிப் போடப் பல தளங்கள் அனுமதிக்கின்றன.

அடுத்தது இரண்டு உறை முறை: தகுதி, தொழில்நுட்ப ஆவணங்கள் ஒன்றில், விலை இன்னொன்றில். தொழில்நுட்ப உறையை முதலில் திறப்பார்கள். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிறகு திறப்பார்கள். அதனால் தொழில்நுட்பக் கோப்புகளில் தொகை எங்கேயும் தெரியக்கூடாது. பழைய கொட்டேஷன் கடிதத்தை அப்படியே ஸ்கேன் செய்து, கீழே மூலையில் மொத்தத் தொகையோடு ஏற்றி, தகுதி இழப்பவர்கள் உண்டு. விலைக்கு அவர்கள் தந்த எக்செல் கோப்பையே நிரப்புங்கள். அழகுபடுத்துகிறேன் என்று ஒரு வரி சேர்த்தாலும் தளம் ஏற்காமல் போகலாம்.

டிஜிட்டல் கையொப்பம் கேட்டால், சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா என்று இன்றே பாருங்கள், புதுப்பிக்க நாளாகலாம். டெண்டரில் மாற்றம் செய்து வெளியிடும் திருத்த அறிவிப்புகளையும் தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

‘சேமி’ என்பது சமர்ப்பித்ததாக ஆகாது. நேரத்தோடு கூடிய ஒப்புகைச் சீட்டு வந்ததா பார்த்து, அதைப் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள்.