இலையில் மின்னும் பச்சை இலையான்: மருந்து அடிக்கவா?

வெள்ளவத்தையில் பல்கனிக் கறிவேப்பிலையில் பச்சையாக மின்னும் குட்டி இலையான்கள் நிற்கின்றன, மீன் சந்தையில் மொய்ப்பவைதானா, மருந்து அடிக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்காதீர்கள். இவை வேறு.

மீனில் மொய்ப்பது தடித்த உடம்புக்காரன், பெரிய சத்தம் போடும். நீங்கள் சொல்வது நெட்டைக்கால் இலையான், டோலிக்கோபொடிடே குடும்பம். நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. மெலிந்த உடலை மெல்லிய கால்களில் தூக்கிக்கொண்டு இலையின் மேற்பரப்பில் நிற்கும், சட்டென்று இரண்டு எட்டு ஓடி மறுபடி நிற்கும். சிலவற்றின் இறக்கையில் கறுப்புப் பட்டையும் உண்டு.

அந்தப் பச்சை சாயமல்ல. மேல்தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வரும் நிறம். அதனால்தான் பார்க்கும் கோணம் மாறினால் பொன்னாகவும் செம்பாகவும் தெரிகிறது.

சாறு உறிஞ்சும் அசுவினி போன்ற சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும், ஆகவே உங்கள் கறிவேப்பிலைக்குக் காவல்காரன். கடிக்காது, சோற்றுப்பக்கம் வராது.

படம் எடுக்க ஆசையென்றால் ஃபிளாஷ் வேண்டாம். வெளிச்சம் பட்டதும் பறந்துவிடும், படத்தில் வெறும் இலைதான் மிஞ்சும். காலை வெயில் இலையில் விழும் நேரம் பாருங்கள், நிழல் படாமல் மெல்லக் கிட்டப் போங்கள்.