அஞ்சலட்டை விளம்பரம்: ஓர் அட்டைக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தையலும் ஆரி வேலைப்பாடும் செய்து தரும் சிறிய கடை வைத்திருக்கிறேன். பழைய வாடிக்கையாளர்கள் 600 பேரின் முகவரி நோட்டில் இருக்கிறது. தீபாவளிக்கு முன் அவர்களுக்கு அஞ்சலட்டை அனுப்ப விரும்புகிறேன். ஆயிரம் அட்டை அச்சிட்டால் ஒன்றுக்கு 3 ரூபாய் என்கிறார் அச்சகத்தார். தபாலுக்கு 50 காசு. ஆக 3,500 ரூபாயில் வேலை முடிந்துவிடுமா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: முடியாது. 50 காசு என்பது கையால் எழுதி அனுப்பும் அஞ்சலட்டைக்கு உரிய கட்டணம். செய்தியை அச்சிட்டு அனுப்பினால் அது 'அச்சிட்ட அஞ்சலட்டை' என்ற வகையில் சேர்ந்துவிடும். அதற்குக் கட்டணம் 6 ரூபாய், அதாவது பன்னிரண்டு மடங்கு. 1879ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி கால் அணாவுக்கு இந்தியாவில் அறிமுகமான நாளிலிருந்து அஞ்சலட்டை சாமானியரின் கடிதமாகவே கருதப்பட்டு வருகிறது. இன்றும் அஞ்சல் துறை நட்டத்தைத் தாங்கிக்கொண்டுதான் அதை 50 காசுக்குத் தருகிறது. அந்தச் சலுகையை வணிக விளம்பரத்துக்கும் நீட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 50 காசுக் கணக்கை நம்பி அட்டைகளை அச்சிட்டு, மூட்டையோடு அஞ்சலகக் கவுன்ட்டரில் போய் நிற்கும்போது விழிப்பவர்கள் அநேகர். நீங்கள் முன்கூட்டியே கேட்டது நல்லதாயிற்று.

இப்போது உங்கள் கணக்கைத் திருத்திப் போடலாம். உங்களிடம் இருப்பது 600 முகவரி. ஆனால் ஆயிரம் அட்டைக்கு விலை கேட்டிருக்கிறீர்கள். ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) போடுவதற்கும் இயந்திரத்தைத் தயார் செய்வதற்கும் ஆகும் செலவு 600 அட்டைக்கும் ஆயிரம் அட்டைக்கும் ஒன்றுதான் என்பதால், எண்ணிக்கையைக் குறைத்தாலும் அச்சகத்தார் பெரிதாகக் குறைக்கமாட்டார். எனவே அச்சுக்கு 3,000 ரூபாயும், 600 அட்டைக்குத் தலா 6 ரூபாய் வீதம் அஞ்சலுக்கு 3,600 ரூபாயும் சேர்த்து 6,600 ரூபாய் ஆகும். அதாவது போய்ச் சேரும் ஓர் அட்டைக்கு 11 ரூபாய். மிஞ்சும் 400 அட்டைகள் மேசை இழுப்பறையில் கிடக்கும்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு அச்சே வேண்டாம் என்பேன். கையெழுத்துத் தெளிவாக உள்ள ஒருவரை நாளொன்றுக்கு 500 ரூபாய்க்கு அமர்த்தி, மணிக்கு 20 அட்டை வீதம் எட்டு மணி நேரம் எழுதச் சொன்னால் ஒரு நாளில் 160 அட்டை முடியும். 600 அட்டைக்கு நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். கூலி 1,875 ரூபாய், அட்டையின் விலை 300 ரூபாய், மொத்தம் 2,175 ரூபாய். அச்சிட்ட அட்டைக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கு. செய்தி முழுவதும் கையெழுத்தாகவே இருக்கட்டும்; நேரத்தை மிச்சப்படுத்த ரப்பர் முத்திரை குத்தினால் அதையும் அச்சாகக் கொண்டு 6 ரூபாய் கேட்க இடமுண்டு.

செலவு குறைவது மட்டும் காரணமல்ல. "சென்ற ஆண்டு உங்கள் மகளுக்குத் தைத்த பட்டு ரவிக்கையின் அளவு எங்களிடம் இருக்கிறது; புரட்டாசி முடிவதற்குள் துணியைக் கொடுத்துவிட்டால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே தந்துவிடுவோம்" என்று பெயர் சொல்லி எழுதப்பட்ட அட்டையை யாரும் படிக்காமல் எறியமாட்டார்கள். ஆனால் அஞ்சலட்டை திறந்த கடிதம். வீட்டு வாசலில் யார் கையில் கிடைத்தாலும் படிப்பார்கள். ஆகவே அளவு இருக்கிறது என்று எழுதலாமே தவிர அளவையே எழுதிவிடக் கூடாது. பாக்கித் தொகையைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. 100 ரூபாய் பாக்கிக்காக ஒரு குடும்பத்தையே இழந்துவிடுவீர்கள்.

முகவரிப் பக்கத்தில் விளம்பரம் அச்சிட்டு 25 காசுக்கு விற்கப்படும் மேகதூத் அட்டையைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அதில் விளம்பரதாரர் அட்டைக்கு 2 ரூபாய் வீதம் குறைந்தது ஒரு லட்சம் அட்டைக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதால், 2 லட்ச ரூபாயை எடுத்து வைக்க முடிந்த நிறுவனங்களுக்கே அது ஏற்றது.

கேள்வி: புதிதாக பேக்கரி திறக்கிறேன். சுற்றியுள்ள 3,000 வீடுகளுக்குச் செய்தி போக வேண்டும். யாருடைய முகவரியும் என்னிடம் இல்லை. முகவரி இல்லாமலே தபால்காரர் கொண்டுபோய்ப் போடும் வசதி உண்டாமே?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: உண்டு. 'டைரக்ட் போஸ்ட்' என்பது அதன் பெயர். எந்தப் பகுதிக்கு என்று நீங்கள் குறிப்பிட்டுக் கொடுத்தால், அந்தப் பகுதியின் தபால்காரர் அன்றாடப் பட்டுவாடாவோடு சேர்த்து வீடு வீடாகப் போட்டுவிடுவார். ஒரு தடவைக்குக் குறைந்தது ஆயிரம் பிரதி கொடுக்க வேண்டும். உள்ளூர் பட்டுவாடாவுக்கு 20 கிராம் வரை ஒன்றுக்கு 1 ரூபாய் 50 காசு, வெளியூர் என்றால் 2 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் 1 ரூபாய் என்பது கட்டணம். உங்கள் 3,000 வீடுகளுக்கு 4,500 ரூபாய் ஆகும். அஞ்சலட்டைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, இந்தச் சேவைக்கு இல்லை என்பதால் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அஞ்சல் கட்டணம் மாறக்கூடியது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் தலைமை அஞ்சலகத்தில் அன்றைய விலையை ஒரு தடவை கேட்டுக்கொள்வது உத்தமம்.

இதில் பணம் கசியும் இடம் அட்டையின் எடை. ஏ4 அளவில் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டை ஏறக்குறைய 19 கிராம் வரும். அதுவே 350 ஜிஎஸ்எம் என்றால் 22 கிராமுக்கு அருகே போய்விடும். "இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் எடுப்பாக இருக்கும் சார்" என்று அச்சகத்தில் சொல்வதற்குத் தலையாட்டினால், ஒரு பிரதிக்கு 1 ரூபாய் வீதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். ஏ5 அளவில் 300 ஜிஎஸ்எம் அட்டை 10 கிராமைத் தாண்டாது. பேக்கரிக்கு அதுவே தாராளம். தடிமனுக்கு ஆகும் பணத்தில் ஒரு பப்ஸ் இலவசம் என்று போட்டுப் பாருங்கள்.

செய்தித்தாளுக்குள் நோட்டீஸ் வைப்பது இதைவிட மலிவாக முடியலாம் என்பது உண்மை. ஆனால் அது பேப்பர் வாங்கும் வீட்டுக்கு மட்டுமே போகும். அதுவும் நான்கைந்து நோட்டீசுகளோடு சேர்ந்து, காலைக் காப்பிக்கு நடுவே கீழே உதறப்படும். பேப்பர் வாங்கும் பழக்கமே இல்லாத இளம் குடும்பங்கள்தான் உங்கள் கேக்குக்கு வாடிக்கையாளர்கள் என்றால் தபால்காரர் வழியே சரி. ஞாயிற்றுக்கிழமைத் தபாலும் சேர்ந்து வரும் திங்கட்கிழமையில் அட்டைக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்பாவது அஞ்சலக அதிகாரியைப் பார்த்துப் பேசி, எத்தனை பட்டுவாடாப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை வீடுகள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணத் தபாலுக்கு ரசீதோ கண்காணிப்போ இல்லை என்பதால், ஒவ்வொரு பகுதியிலும் தெரிந்த வீடு ஒன்றில் அட்டை வந்ததா என்று கேட்டு வைப்பது அவசியம்.

கேள்வி: மதுரை நகரத்தில் வசதியானவர்கள் 10,000 பேரின் பெயர், முகவரிப் பட்டியலை 4,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். முகவரி 40 காசுக்குக் கிடைத்தாலும், அச்சும் தபாலுமாக அதன் மேல் நீங்கள் செலவிடப் போவது 9 ரூபாய். அவர்களில் கால்வாசிப் பேர் வீடு மாறிப் போயிருந்தால் 22,500 ரூபாய் வீண். மேலும் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொதுவாக ஒருவரின் விவரத்தை அவர் சம்மதத்தோடு, சொன்ன காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது; அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் உங்களுக்குச் சம்மதம் தந்ததாக அவரால் காட்ட முடியுமா என்று கேளுங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

கேள்வி: இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிறேன். 2,000 அச்சிட்ட அட்டை அனுப்பினேன். அட்டைக்கு 9 ரூபாய் வீதம் 18,000 ரூபாய் ஆயிற்று. அட்டையைப் பார்த்து 11 பேர் வந்தார்கள், 8 பேர் வாங்கினார்கள். ஒரு விற்பனையில் எனக்கு நிற்பது 1,500 ரூபாய். இது நட்டம்தானே?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: இன்றைய கணக்கில் நட்டம்தான். எட்டு விற்பனையில் 12,000 ரூபாய் நின்றது. கையிலிருந்து 6,000 ரூபாய் போயிற்று. ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 2,250 ரூபாய் ஆகியிருக்கிறது. இந்தத் தொகையை விற்பனைத் தொகையோடு ஒப்பிட்டுத் தேறுதல் கொள்பவர்கள் உண்டு. நீங்கள் நிற்கும் லாபத்தோடு ஒப்பிட்டிருப்பது சரியான முறை. ஒரு பதிலுக்கு நூற்றுக்கணக்கில் செலவாகும் இந்த முறை, ஒரு விற்பனையில் 20 ரூபாய் நிற்கும் தொழிலுக்கு ஒருபோதும் ஒத்துவராது.

ஆனால் உங்கள் தொழிலில் பேட்டரி விற்றதோடு உறவு முடிவதில்லை. தண்ணீர் ஊற்றவும், பழுது பார்க்கவும், சில ஆண்டுகளில் புதிய பேட்டரி மாற்றவும் அந்த எட்டு வீடுகளும் உங்களையே கூப்பிட்டால் 6,000 ரூபாய் திரும்பிவிடும். அடுத்த அழைப்புக்கு வேறு கடைக்குப் போய்விட்டால் திரும்பாது. எனவே அந்த எட்டுப் பேரின் முகவரியோடு, வாங்கிய தேதியையும் தனி நோட்டில் எழுதி வையுங்கள். பேட்டரியின் உத்தரவாதக் காலம் முடியும் மாதத்தில் அவர்களுக்கு 50 காசு அட்டையில் நீங்களே கையால் எழுதலாம்.

வந்த 11 பேரும் எந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள் என்று கேட்டு வைத்தீர்களா? மின்தடை மிகுந்த நான்கைந்து தெருக்களில் இருந்தே பெரும்பாலோர் வந்திருந்தால், அடுத்த தடவை 2,000 அட்டைக்குப் பதிலாக அந்தத் தெருக்களுக்கு மட்டும் 300 அட்டை அனுப்புங்கள். அட்டையின் மூலையில் தெருவுக்கு ஓர் எழுத்து அச்சிட்டு, அதைக் காட்டினால் பேட்டரித் தண்ணீர் ஒரு கேன் இலவசம் என்று போட்டுவிட்டால், யார் எங்கிருந்து வந்தார் என்பதை அட்டையே சொல்லிவிடும். பெயரைக் கையால் எழுத இடம் விடுவதென்றால் அந்தப் பக்கத்தில் பளபளப்புப் பூச்சு வேண்டாமென்று அச்சகத்தில் சொல்லிவிடுங்கள். அதன் மேல் பேனா மை நிற்காது.