நூறு ரூபா மிச்சக்காசு

வணக்கம் அம்மா,

மாங்குளத்துக்குக் கிட்ட இருக்கிறோம். மகனுக்கு 15 வயது. கணவர் கட்டாரில். கொரோனா நேரம் வகுப்பெல்லாம் வட்ஸ்அப்பில் நடந்ததால் போன் வாங்கிக் கொடுத்தோம். பிறகு அது கையை விட்டு இறங்கவில்லை. சாமம் வரை டிக்டொக்தான். ஆட்களோடு கதைப்பதில்லை. போன கிழமை பாண் வாங்க அனுப்பினேன். கடைக்காரர் மிச்சக்காசில் நூறு ரூபா குறைத்துக் கொடுத்துவிட்டார். அவரிடம் கேட்காமல், கடை வாசலில் நின்று எனக்கு மெசேஜ் போடுகிறான்: "மிச்சம் காணாது, நீங்கள் வாங்கோ." வவுனியாவிலிருந்து மாமா ஆட்கள் வந்தால் கோடிப்பக்கம் போய்விடுவான். "இவன் ஊமை, கணக்கெடுக்காதேங்கோ" என்று நானே சொல்லிச் சமாளிக்கிறேன். போனைப் பறித்தேன், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. என்ன செய்வது?

– ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த 'ஊமை'யை விடுங்கள். அவன் காதில் விழும் தூரத்தில்தான் சொல்லியிருப்பீர்கள்.

அவன் அனுப்பிய மெசேஜைப் பாருங்கள், விஷயம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மெசேஜை அழித்து அழித்து எழுதலாம். கடைக்காரருக்கு முன்னால் அது சரிவராது. சினப்பாரா, சிரிப்பாரா என்று முகத்தைப் பார்த்தே பிடிக்க வேண்டும். அது பழகித்தான் வரும். அவன் பழக வேண்டிய பத்து வயதில்தான் 2020 வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியது. எல்லாப் பழியையும் போனில் போடவும் மாட்டேன். கூச்சமுள்ள பிள்ளை அதற்குள் ஒதுங்குவதும் உண்டு.

2014இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு வந்தது. 51 சிறுவர்கள் 5 நாள் திரையே இல்லாத முகாமில் இருந்தார்கள். முகத்தில் உணர்ச்சியை வாசிப்பதில், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளைவிட அவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஐந்தே நாள்!

பறிக்க வேண்டாம். இரவு ஒன்பதரைக்கு எல்லாப் போனும், உங்களுடையதும்தான், விறாந்தையில் சார்ஜில் கிடக்கட்டும். கட்டாரில் அப்போது ஏழு மணி; கணவரை அதற்கு முதல் எடுக்கச் சொல்லுங்கள். பின்னேரத்தில் ஒரேயொரு சிநேகிதனை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். கூட்டத்தைவிட ஒருவர் சுகம். நித்திரை, சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் குழம்பினால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி எண்ணுக்கும் அழைக்கலாம்.

அப்புறம், அந்த நூறு ரூபாவை நீங்கள் இன்னும் போய் வாங்கவில்லையென்றால் நல்லது. "அண்ணை, போன கிழமை நூறு ரூபா குறைஞ்சு போச்சு" என்று வீட்டில் இரண்டு தரம் சொல்லிப் பார்க்கட்டும். நீங்களும் கூடப் போங்கள், ஆனால் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அவன் தடுமாறினாலும் உள்ளே போகாதீர்கள்.