பினாங்கு ஹொக்கியன் வீட்டில் பெருநாள்: ஒன்பதாம் நாளுக்குத் தயாராகுங்கள்

பினாங்கில் ஹொக்கியன் சீனக் குடும்பத்திற்கு மருமகளாகப் போகவிருக்கும் தமிழ்ப் பெண், அவர்களுடைய பெருநாள்களில் எவ்வாறு கலந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். 11 ஆண்டுகளுக்கு முன் அதே நிலையில் ஜார்ஜ்டவுனுக்குக் குடிவந்தவள் நான்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்துக்கு, கோலாலம்பூரில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் பிள்ளைகள் வந்தே தீர வேண்டும். முதல் நாள் காலையில் எங்கள் வீட்டில் சைவம். பன்றி இறைச்சியை எண்ணிக் கலங்கியிருந்த என் தாயாரை அன்றைக்கே விருந்துக்கு அழைக்க முடிந்தது அதனால்தான். நான் செய்த தவறு வேறு. வாசல் தெளித்துப் பழகிய கையோடு விடியற்காலையில் துடைப்பத்தை எடுத்துவிட்டேன். முதல் நாள் பெருக்கினால் வீட்டுக்கு வந்த நல்வாய்ப்பும் குப்பையோடு போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. மாமியார் ஒரு சொல்லும் சொல்லாமல் துடைப்பத்தை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். இன்னொன்றையும் மறவாதீர்கள்: மணமானவர்களே அங்பாவ், அதாவது சிவப்பு உறையில் பணம், கொடுக்க வேண்டும். திருமணமான முதல் பெருநாளில், வாங்கிக்கொள்ளும் நினைப்பில் வெறுங்கையோடு போய் நின்றவள் நான்.

ஆனால் ஹொக்கியன் குடும்பத்தினருக்கு முதல் நாளைவிடப் பெரியது ஒன்பதாம் நாள். அது விண்ணுலகை ஆளும் தீ கோங் தெய்வத்தின் பிறந்தநாள்; எட்டாம் நாள் இரவு 11 மணிக்கே அது தொடங்கிவிடுகிறது. முன்னொரு காலத்தில் பகைவருக்கு அஞ்சிக் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்த, ஹொக்கியன் மக்களின் பூர்வீகமான சீனாவின் ஃபூஜியான் பகுதி மக்கள், ஒன்பதாம் நாள் உயிரோடு வெளியே வந்தார்கள் என்று கதை சொல்வார்கள். அதனால் உயர்த்தி வைத்த படையல் மேசையின் இரு பக்கங்களிலும் தோகையோடு கூடிய கரும்புகளைக் கட்டுகிறார்கள். ஹொக்கியனில் கரும்பைக் குறிக்கும் சொல்லும் நன்றியைக் குறிக்கும் 'கம்சியா'வும் கிட்டத்தட்ட ஒரே ஒலி உடையவை. மேசையில் அன்னாசி, ஆமை வடிவச் சிவப்புப் பலகாரம், வசதியுள்ள வீடுகளில் முழுப் பன்றி வறுவல் ஆகியவை இருக்கும். தெய்வத்துக்கு எரிப்பதற்கான பொன்னிறத் தாளைப் பொற்கட்டி வடிவில் மடிக்கும் வேலை பல நாள் முன்பே தொடங்கிவிடும்; மருமகளுக்கு அதில் விலக்கு இல்லை. நள்ளிரவுக்குப் பின் அந்தத் தாள்களையும் கரும்பையும் சேர்த்து எரிக்கிறார்கள். ச்சியூ குலத்தார் வாழும் மரப் படகுத்துறையில் அன்றிரவு நீண்ட பொதுப் படையல் இடுவார்கள். ஒருமுறையேனும் போய்ப் பாருங்கள்.

நான் அந்த வீட்டில் அந்நியள் அல்ல என்று உணர்ந்தது கரும்புக் கடையில்தான். பொங்கலுக்கு ஆண்டுதோறும் கரும்பு வாங்கி வளர்ந்த எனக்கு, கணு நெருங்காத, தோகை வாடாத கழியைத் தேர்ந்தெடுக்கத் தெரியும். 2025-இல் ஜனவரி 14 அன்று பொங்கல், பிப்ரவரி 5 இரவு தீ கோங் வழிபாடு என்று மூன்று வார இடைவெளியில் இருமுறை கரும்பு வாங்கினேன். இப்போது அந்தப் பொறுப்பை மாமியார் வேறு யாரிடமும் தருவதில்லை.

மற்ற நாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் செங் பெங்கில் முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்து படையல் வைக்க வேண்டும். நம் திதியை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதத்தில் இலையில் பொதிந்த அரிசிக் கொழுக்கட்டை செய்வார்கள். ஞோஞ்ஞா முறையில், அதாவது சீனமும் மலாயும் கலந்த சமையல் முறையில், அதற்கு நீலம் ஏற்றுவது நம் சங்குப்பூ. டிசம்பரில் குளிர்காலத் திருநாளன்று, சர்க்கரைப் பாகில் மிதக்கும் மாவு உருண்டைகளைக் குடும்பமாக அமர்ந்து உருட்டுவோம்.

ஒரு சிறு குழப்பத்திற்கும் தயாராக இருங்கள். ஹொக்கியனில் தந்தைவழிப் பாட்டி 'அ மா'. என் மகள் பாட்டியை அழைக்கும் போதெல்லாம், அடுக்களையிலிருந்து நானும் சேர்ந்து "என்ன?" என்று கேட்கிறேன்.