மனைவியைப் பார்ட்னர் ஆக்கினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பதினோரு வருடமாக எலக்ட்ரிகல், பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆண்டு விற்பனை 1 கோடி 60 லட்சம் வரை வருகிறது. இரண்டு பையன்கள் வேலைக்கு இருக்கிறார்கள். காலை எட்டரைக்குத் திறந்தால் வீடு போய்ச் சேர இரவு பத்தரை ஆகிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு. இந்த வருடம் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குக்கூட அவர்களோடு போக முடியவில்லை. எங்கள் ஜிஎஸ்டி வேலையைப் பார்க்கிறவர், "தென்காசியில் இன்னொரு கடை போட்டு மேனேஜர் வைத்துவிடுங்கள், உங்களுக்கு நேரம் கிடைக்கும். மனைவியைப் பார்ட்னர் ஆக்குங்கள், வரியும் குறையும், லோனும் ஈஸி" என்கிறார். புது ஜிஎஸ்டி நம்பர், பத்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 35 ஆயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன், முதலில் கையை மூடிக்கொள்ளுங்கள்.

ஒரு கடையை வைத்துக்கொண்டே பத்தரைக்கு வீட்டுக்குப் போகிறவர், கடையம் தாண்டி இன்னொரு கடை போட்டால் எத்தனை மணிக்குப் போவார்? மேனேஜர் வந்தால் உங்களுக்கு நேரம் கிடைக்கும் என்பது, முதல் கடை நீங்கள் இல்லாமல் ஓடினால்தான் நடக்கும். உங்கள் கடை ஓடாது. எந்தக் கான்ட்ராக்டர் எவ்வளவு பாக்கி, எந்தக் கம்பெனிக் குழாய்க்கு எவ்வளவு கழிவு, கொள்முதல் பில் எந்தப் பையில் கிடக்கிறது என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. நான் உங்களைப் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பாளையங்கோட்டையில் என்னிடம் கணக்குக் கொண்டுவரும் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் திருநெல்வேலி டவுன் இருட்டுக்கடை அல்வாக் கடையை உதாரணம் காட்டுவார். சாயங்காலம் திறந்து, சரக்கு தீர்ந்ததும் மூடிவிடுகிறார்களே என்று. சரி. அல்வாவுக்கு ஜனம் வரிசையில் நிற்கும். அரை அங்குலக் குழாய் எல்போவுக்கு நிற்காது, பக்கத்துக் கடைக்குப் போய்விடும். எனவே உங்கள் கடை நேரத்தை நான் பாதியாக்கச் சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் நீங்கள் விற்பது என்ன என்று மட்டும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நான் பார்த்தவரை எட்டு மணிக்கு மேல் வியாபாரம் பெரிதாக இருக்காது. பாக்கி கேட்டு போன் போடுவது, பகலில் போடாத பில்லைப் போடுவது, காணாமல் போன காகிதத்தைத் தேடுவது இவைதான் இருக்கும். உங்கள் பிள்ளைகளின் இரண்டு மணி நேரம் அங்கேதான் போகிறது.

இதில் பெரிய ஓட்டை பற்று வியாபாரம். மேஸ்திரிக்கும் கான்ட்ராக்டருக்கும் கடன் கொடுக்காமல் இந்தத் தொழில் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: காசு வந்தாலும் வராவிட்டாலும், பில் போட்ட மாதக் கணக்கிலேயே ஜிஎஸ்டி விழுந்துவிடும். ஒரு லட்சத்துக்கு வயரும் குழாயும் கடனாகக் கொடுத்தால், 18 சதவீத வரியை நீங்கள் கைக்காசில் கட்டிவிட்டு, அந்தக் காசைத் தேடி ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். பழைய பாக்கியில் பாதியாவது வராமல் புதுச் சரக்கு இல்லை என்று ஒரு வரம்பு வையுங்கள். வசூலுக்கு வாரத்தில் ஒரு மத்தியானம் ஒதுக்குங்கள், அதோடு சரி. ஒன்றிரண்டு பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும், அவர்கள்தான் பெரும்பாலும் கொடுக்காதவர்கள்.

இந்த இடத்தில் ஒரு ஆள் வருவார்: "எம்எஸ்எம்இ சர்ட்டிபிகேட் எடுத்துத் தருகிறேன் அண்ணாச்சி, அப்புறம் எவனும் 45 நாளுக்குள் கொடுத்தே ஆகணும்" என்பார். சிறு, குறு, நடுத்தர நிறுவனம் என்று காட்டும் அந்தச் சான்றிதழுக்கு உத்யம் பதிவு என்று பெயர், அது அரசுத் தளத்தில் இலவசம். நீங்களே ஆதாரும் பானும் வைத்துச் செய்யலாம். அந்த 45 நாள் பாதுகாப்போ பொருள் தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்கிற வியாபாரிக்கு இல்லை. உங்களுக்குக் கிடைப்பது வங்கிக் கடனில் முன்னுரிமைப் பிரிவு மட்டும்.

இப்போது உங்கள் 35 ஆயிரத்துக்கு வருவோம்.

தென்காசி தனி மாவட்டமாகி 2019 முதல் எத்தனையோ மாறியிருக்கலாம், ஜிஎஸ்டிக்கு அது இன்னும் தமிழ்நாடுதான். ஒரே பானில், ஒரே மாநிலத்துக்குள் இரண்டாவது கடை போட்டால் புது நம்பர் தேவையில்லை. இருக்கிற பதிவிலேயே கூடுதல் வியாபார இடம் என்று 15 நாட்களுக்குள் சேர்த்தால் போதும். அதற்கு அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஜிஎஸ்டி பதிவுக்கும் கிடையாது. உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம், நானும் வாங்குகிறேன். இல்லாத தேவையைச் சொல்லிக் கேட்பதற்குப் பெயர் வேறு.

அதைவிட முக்கியமாக, இன்றைக்கே ஒன்றைப் பாருங்கள். உங்கள் ஜிஎஸ்டி பதிவில் இருக்கிற கைப்பேசி எண் யாருடையது? உங்களுடையதா, அவருடையதா? இந்த ஒரு கேள்வியை நான் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேலப்பாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மாதாமாதம் ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்திருந்தார், ஏஜென்ட் ஆறு மாதம் ரிட்டர்ன் போடவில்லை. நோட்டீஸ் எல்லாம் ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குப் போனது. பதிவு ரத்தான விஷயம், சரக்கு அனுப்பிய சூரத் வியாபாரி போன் செய்து சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது. ரத்தான உத்தரவு கிடைத்த 90 நாட்களுக்குள் மீட்க மனு போட வேண்டும். அந்தக் கெடுவில் பெரும் பகுதி ஏற்கெனவே போயிருந்தது. அடுத்த இரண்டு மாதம் அவர் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. குடும்பத்தோடு நேரம் செலவழிப்பது பற்றிக் கேட்டால் ஓடிபி பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

ரகசியச் சொல் உங்களிடம் இருந்தால் தளத்திலேயே எண்ணை மாற்றலாம். அதுவும் அவரிடமே இருந்தால், உங்கள் எல்லைக்குட்பட்ட வரி அலுவலகத்துக்கு அடையாளச் சான்றுகளோடு நேரில் போய் மனு கொடுக்க வேண்டும். ஒரு நாள் போகும். "அந்த சீட் ஆள் இன்னைக்கு லீவு" என்பார்கள், இரண்டு நாளும் ஆகலாம். நாட்டையே கணினிக்கு மாற்றிவிட்டோம் என்கிறார்கள். ஒரு கடைக்காரருக்குத் தன் நம்பரைத் தன் பெயருக்கு மாற்ற மூன்று ஜெராக்ஸ் தேவைப்படுகிறது, நோட்டீஸோ அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் வருகிறது.

அடுத்து, உங்கள் ஆள் சொல்லாத ஒன்று. 5 கோடி ரூபாய் விற்பனைக்கு உட்பட்டவர்கள் ரிட்டர்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடலாம். நடுவில் வரும் இரண்டு மாதங்களுக்கு 25-ஆம் தேதிக்குள் ஒரு சலான் கட்டினால் போதும். முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டியதில் 35 சதவீதம் என்று தளமே தொகையைக் காட்டும். உங்களிடம் வாங்கும் கான்ட்ராக்டர்களுக்கு மாதாமாதம் வரி வரவு (உங்களிடம் கட்டிய வரியில் தங்கள் வரிக்குக் கழித்துக்கொள்ளும் தொகை) தெரிய வேண்டுமானால் அந்த பில்களை மட்டும் 13-ஆம் தேதிக்குள் ஏற்றிவிடலாம். ஜூலையில் தொடங்கும் காலாண்டுக்கு மாற மே 1 முதல் ஜூலை 31 வரை விருப்பம் கொடுக்கலாம். ஏஜென்ட்கள் இதை ஏன் சொல்வதில்லை? அவர்கள் கூலி மாதக் கணக்கு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார், மாதாந்திர ரிட்டர்னின் 20-ஆம் தேதிக்கு யாரும் விடுமுறை விடுவதில்லை. எத்தனையோ வருடம் வடம் பிடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தளம் திறக்குமா என்று உட்கார்ந்திருந்தவன் நான்.

இனி உங்கள் மனைவி விஷயம். கூட்டு நிறுவனம் ஆக்கினால் வரி குறையும் என்பது உங்கள் கணக்கில் தலைகீழ். இப்போது நீங்கள் தனி முதலாளி. அனுமான வரி முறையில் வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபமாகக் காட்டலாம். பாதி விற்பனை யுபிஐ, செக் என்று வந்தாலே உங்கள் வருமானம் 11 லட்சத்து 20 ஆயிரம்தான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தனிநபருக்கு வரி இல்லை. கூட்டு நிறுவனத்துக்கு இந்த 12 லட்சம் சலுகை கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். பங்குதாரர் சம்பளத்தைக் கழிக்கலாம், அதற்கும் வரம்பு உண்டு, முழுக் கணக்கும் எழுத வேண்டும். புது பான், புது ஜிஎஸ்டி, பழைய எண்ணிலிருக்கும் வரி வரவை மாற்ற ஒரு படிவம். உங்கள் பத்தரை மணி பதினொன்றாகும்.

அதோடு 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்தின் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு பங்குதாரரும் பொறுப்பு. நாளை உங்களுக்கு நொடித்தால் மனைவி பெயரில் அவர் அப்பா கொடுத்த வீடோ நகையோ தப்பாது. "லோன் ஈஸி" என்பதன் அர்த்தம் இதுதான்: கையெழுத்துப் போட இன்னொரு ஆள், அடமானம் வைக்க இன்னொரு பத்திரம். முத்ரா என்ற சிறுதொழில் கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. தரகர் இல்லாமல் நேரே வங்கிக்குப் போங்கள்.

பார்ட்னர் வேண்டாம், சம்பளம் கொடுக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். கொடுக்கலாம், ஆனால் கவனம். கணவர் கடையில் மனைவி வாங்கும் சம்பளத்தை வருமான வரிச் சட்டம் கணவர் வருமானத்தோடு சேர்த்துவிடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அவருக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்த அறிவுக்காகவே அந்தச் சம்பளம் என்றால் சேர்க்க மாட்டார்கள். 'அந்த அறிவுக்காகவே' என்பதை இரண்டு முறை படியுங்கள். அவர் கணக்குப் படித்து, கம்ப்யூட்டரில் உங்கள் வரவு செலவை எழுதி, அதற்குச் சந்தைக் கூலி வாங்கினால் நியாயமாக வாதாடலாம். தமிழ் இலக்கியம் படித்தவர் கல்லாவில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினால் அது உங்கள் வருமானம்தான். படித்திருக்கிறார், ஆனால் வேலைக்கு வருவதில்லை, பேங்கில் மட்டும் சம்பளம் ஏறுகிறது என்றாலும் உங்கள் வருமானம்தான். படித்தவரே வந்து வேலை செய்கிறார், ஆனால் வெளியில் 12 ஆயிரம் கொடுக்கும் வேலைக்கு 50 ஆயிரம் கொடுக்கிறீர்கள் என்றால் அதிகாரி கட்டாயம் கேட்பார். ஆகவே பட்டம், செய்த வேலை, பேங்க் வழிச் சம்பளம், ஊர் நிலவரக் கூலி நான்குக்கும் காகிதம் வேண்டும். வரியே வராத உங்கள் வருமானத்தில் இந்தச் சிரமம் எதற்கு என்றும் யோசியுங்கள்.

இன்னொன்று. இதையெல்லாம் அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் வேலைக்கு வர விரும்புகிறாரா என்பது ஓரிடத்திலும் இல்லை. மகளுக்கு அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. இரண்டு பேரும் கடையில் நின்றால் சாயங்காலம் வீட்டில் யார்?

பையன்களில் மூத்தவரிடம் ஒரு சாவி கொடுங்கள், சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், காலையில் அவர் திறக்கட்டும். கடை ஊழியருக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. முதலாளிக்கு எந்தச் சட்டமும் எழுதிவைக்கவில்லை, நீங்களாக ஷட்டரை இறக்கினால்தான் உண்டு. கொள்முதல் பில் வந்த அன்றே போனில் படமெடுங்கள். எட்டேகாலுக்கு மூடுங்கள். முதல் இரண்டு மாதம் கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது.

அந்த ஆள் மறுபடி வந்தால், புது நம்பர் எதற்கென்று எழுதிக் கொடுத்து, 35 ஆயிரத்துக்கு ரசீதும் தரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் கைப்பேசி எண்ணை மாற்றிவிடுங்கள்.