வாப்பாவின் காது – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையில் எங்கள் பழைய வீட்டின் மேற்கு அறையை ஹோம் தியேட்டராக மாற்றிக்கொண்டிருக்கிறேன். 12-க்கு 15 அடி, உயரம் ஒன்பதரை அடி. ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள 7.1 செட் வாங்கியாகிவிட்டது. பக்கத்திலும் பின்னாலும் வைக்கிற நாலு சரவுண்ட் ஸ்பீக்கரையும் கூரையை ஒட்டி நாலு மூலையில் மாட்டிவிடலாம் என்கிறார் கடைக்காரர். அது சரியா? எந்த உயரம், எந்த பிராக்கெட்? சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது, அதை மாற்ற முடியாது. சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்பும். விலை கூடிய ஒயர் தேவையா?

இன்னொன்று. வாப்பாவுக்கு இரண்டு வருடமாக வலது காது கேட்பதில்லை. வசனம் புரியவில்லை, சத்தத்தைக் கூட்டு என்பார். கூட்டினால் இரைச்சல், குறை என்பார். பெரிய தொல்லையாக இருக்கிறது. அவருக்கு ஹாலில் தனியாக ஒரு டிவி வாங்கி வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

ஜ., கீழக்கரை

*

அன்புள்ள தம்பி,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் வந்தபோது அப்பாவின் ரேடியோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சிமடத்து உப்புக்காற்று அதற்குள்ளும் போயிருக்கிறது. ஸ்பீக்கர் காந்தத்தைச் சுற்றித் துரு, ஒயர் பற்றவைத்த இடத்தில் பச்சை. அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. இந்த ஒரு வாரமாக அவருடைய காதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடைசி நாலு வரி வந்து சேர்ந்தது. இல்லையென்றால் பிராக்கெட் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன்.

கூரை மூலை வேண்டாம். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். ஒன்பது அடியில் மாட்டிய ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து பேசாது, உச்சந்தலையில் கொட்டும். மூலையில் இரண்டு சுவரும் கூரையும் சேர்ந்து சத்தத்தை உப்ப வைக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள், பிறகு கொஞ்சம் பின்னால் கொண்டுபோங்கள். பக்கத்து சரவுண்டுக்கு அதுதான் இடம். திரையை நேராகப் பார்ப்பதை 0 என்று வைத்தால் 90-லிருந்து 110 டிகிரிக்குள். உயரம் ஐந்து, ஐந்தரை அடி போதும். பின் ஸ்பீக்கர் இரண்டும் 135-லிருந்து 150 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்கு முதுகுக்குப் பின்னால் இடம் வேண்டும். சோபாவை மாற்ற முடியாது என்கிறீர்கள். ஏன் முடியாது? தரையோடு சேர்த்தா பூசியிருக்கிறது? மூன்று அடி முன்னால் இழுங்கள். மனசில்லையென்றால் பின் ஸ்பீக்கர் இரண்டையும் பெட்டியிலேயே வைத்துவிட்டு 5.1 ஆகக் கேளுங்கள். தலைக்குப் பின்னால் அரை அடியில் ஒரு ஸ்பீக்கர் கத்துவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஒயர் பற்றி எழுத ஒன்றுமில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இந்த அறைக்குத் தாராளம். மிச்சக் காசை வேறு எதற்காவது வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை முனையை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவிவிடுங்கள், நம் ஊரில் அது பச்சை பூக்காமல் இருக்காது.

சுவர் விஷயத்தில் மட்டும் கவனம். என் சொந்தக்காரர் வீட்டில் இதே மாதிரிச் சுவர். எலக்ட்ரீஷியன் டிரில்லைப் பிடித்தார். முதல் ஓர் அங்குலம் சுண்ணாம்பு மாவாகக் கொட்டியது, அப்புறம் பிட் சட்டென்று உள்ளே போய்விட்டது. கல்லில் இயற்கையாகவே இருக்கும் பொந்து. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பிளக்கைத் திணித்து, சாதாரண இரும்பு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுப் போய்விட்டார். எட்டு மாதம். ஒரு வாடைக்காலத்து ராத்திரியில் ஸ்பீக்கர் சுவரோடு பெயர்ந்து விழுந்தது. ஒவ்வொரு நாளும் பிள்ளை படுக்கிற பாயின் மேல். அன்றைக்குப் பிள்ளை ஆச்சி வீட்டில் இருந்தது. ஸ்க்ரூவை எடுத்துப் பார்த்தேன், பாதி தடிமன்கூட இல்லை, விரலால் உதிர்த்தேன். ஆகவே சுவரில் தொங்கவிட வேண்டாம். அடியில் கனமான ஸ்டாண்டு வாங்குங்கள். குழாய்க்குள் மணல் நிரப்பும் ஸ்டாண்டு என்றால் கழுவிக் காயவைத்த ஆற்று மணலைப் போடுங்கள். கடற்கரை மணலை அள்ளிப் போட்டால் உப்பு ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். எங்காவது ஸ்க்ரூ தேவைப்பட்டால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள்.

சரி. இப்போது வாப்பா.

ஸ்பீக்கருக்கு இவ்வளவு எழுதிய நீங்கள் அவருக்கு எழுதியது நாலே வரி. அதிலும் ஒன்று, ‘தொல்லை’. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

என் அப்பா முப்பது வருடம் வடகடலில் இன்ஜின் வள்ளம் ஓட்டியவர். டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில், இடது காதை அதற்குக் காட்டியபடியேதான் எப்போதும் உட்காருவார். அந்தக் காது போய்விட்டது. சின்ன வயதில் நாங்கள் அவருடைய இடப்பக்கம் நின்று கூப்பிடுவோம், அவர் வலப்பக்கம் திரும்புவார். சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

பன்னிரண்டு வயதில் முதல் தடவை ராத்திரித் தொழிலுக்கு அவரோடு போனேன். நிலா இல்லை. வலைக்காரர்கள் எங்கிருந்தோ குரல் கொடுத்தார்கள். அப்பா இன்ஜினை நிறுத்தினார். எழுந்து நின்றார். காலை அகட்டி வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, மெதுவாக உடம்போடு சேர்ந்து ஒரு முழு வட்டம் சுற்றினார். இன்னொரு குரல் வந்தது. திரும்பவும் சுற்றினார். பிறகு என்னைப் பார்த்து, “எந்தப் பக்கம்டா?” என்றார். எனக்கு அது கேள்வியே இல்லை, சட்டென்று கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்து வள்ளத்தைத் திருப்பினார்.

அவர் ஏன் சுற்றினார் என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. நேர் இடப்பக்கத்திலிருந்து வரும் சத்தம் இடது காதைத் தொட்டு, தலையைச் சுற்றி வலது காதுக்குப் போக ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது, 0.6 பங்குதான். அந்த அணுவளவு தாமதத்தை வைத்துத்தான் மூளை பக்கத்தைச் சொல்கிறது. கீச்சுக் குரல் என்றால் தலை மறைப்பதால் மறுபக்கம் சத்தம் குறையும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு 1907-லேயே இதை எழுதிவிட்டார். இரண்டு கணக்குக்கும் இரண்டு காது வேண்டும். ஒரு காது போனவர் தலையைத் திருப்பித் திருப்பி, சத்தம் எங்கே கூடுகிறது என்று தேடித்தான் பக்கத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

இப்போது உங்கள் அறைக்கு வாருங்கள். சரவுண்ட் முழுக்க முழுக்க இரண்டு காது உள்ளவர்களுக்கென்று கட்டப்பட்டது. பக்கத்தில் மழை, பின்னால் கூட்டம், நடுவில் ஆள் பேசுகிறார். உங்களுக்கு மழை மழையின் இடத்தில் இருக்கிறது, பேச்சு பேச்சின் இடத்தில் இருக்கிறது. அதனால் மழையைத் தள்ளிவிட்டுப் பேச்சைக் கேட்கிறீர்கள். வாப்பாவுக்கு மழை, கூட்டம், பேச்சு எல்லாம் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகிறது. கூட்டு என்பது பேச்சுக்காக. குறை என்பது மழைக்காக. அவர் மாற்றி மாற்றிப் பேசவில்லை தம்பி. இரண்டும் உண்மை.

நம்பிக்கை வரவில்லையென்றால் இன்றைக்கு ராத்திரியே வலது காதில் பஞ்சை நன்றாக அடைத்து, அதன்மேல் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் படம் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கையை எடுத்துவிடாதீர்கள். அரைமணி நேரம். முடிவில் கழுத்தும் தலையும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

நான் முதல் செட் வாங்கி வீட்டில் மாட்டியபோது அப்பாவை நடுவில் உட்கார வைத்தேன். பெருமை. அவர் பத்து நிமிடம் உட்கார்ந்தார், நல்லா இருக்குடா என்றார், எழுந்து திண்ணைக்குப் போய் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டார். வயசாகிவிட்டது, புதுசு பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அந்த ரேடியோவில் ஒரே ஒரு ஸ்பீக்கர். அதைக் கேட்பதில் அவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை, மற்றவர்களுக்குக் கேட்கிற எதுவும் அவருக்கு மட்டும் கேட்காமல் போவதில்லை. அதற்கப்புறம் பதினோரு வருடம் அவர் திண்ணையில் இருந்தார், நான் உள்ளே இருந்தேன்.

நீங்கள் ஹாலில் வாங்கி வைக்கப்போகிற டிவி அந்தத் திண்ணைதான்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாப்பாவை சோபாவின் வலது முனையில் உட்கார வையுங்கள். கேட்காத காது சுவர்ப்பக்கம் போகும். கேட்கிற காது உங்கள் எல்லோர் பக்கமும் இருக்கும். பிள்ளைகள் பேசுவதும் கேட்கும். வசனம் வருவது திரைக்குக் கீழே இருக்கும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்து. எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் ரிசீவரில் அதன் சத்தத்தை மட்டும் 3 டெசிபல் கூட்டுங்கள். சரவுண்டை 2, 3 டெசிபல் குறையுங்கள். மொத்த வால்யூமைத் தொடவே வேண்டாம். நைட் மோட் இருந்தால் போட்டுவிடுங்கள், வெடிச் சத்தம் அடங்கி மெல்லிய பேச்சு மேலே வரும். அந்தக் கல்சுவர் அறையில் கை தட்டினால் டங் என்று எதிரொலிக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் கனத்த திரைச்சீலை, தரையில் பாய். எதிரொலி உங்களைவிட அவருடைய வசனத்தைத்தான் முதலில் தின்கிறது.

இன்னொரு விஷயம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். வயதால் மங்கும் காது பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே மங்கும். ஒரு பக்கம் மட்டும் போனால் வயசு என்று விட்டுவிடக் கூடாது, காரணத்தைப் பார்க்க வேண்டும். திடீரென்று போகும் காதுக்கு முதல் இரண்டு வாரம்தான் வைத்தியத்துக்கு நல்ல நேரம். அது கடந்துவிட்டது, அதற்காக இப்போது போகாமல் இருப்பீர்களா? காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போய் ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் சோதனை எடுங்கள். கேட்காத பக்கத்துச் சத்தத்தைப் பிடித்து, கேட்கிற காதுக்கு அனுப்பும் கருவி இருக்கிறது, கிராஸ் என்பார்கள். திசை திரும்ப வராது. ஆனால் வலப்பக்கம் நின்று யார் கூப்பிட்டாலும் கேட்கும். என் அப்பாவுக்கு நான் அதை விசாரிக்கக்கூட இல்லை.

சோபாவை இழுத்துப் போட்டதும் வாப்பாவிடமே கேளுங்கள், எங்கே உட்கார்ந்தால் பேச்சு தெளிவாக இருக்கிறது என்று. அவர் சொல்லும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு இரண்டையும் அதற்கப்புறம் நகர்த்தலாம். அவர் எந்த முனையைச் சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்