கைதுக்கும் குற்றப்பத்திரிகைக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

கைதானவர்களின் படத்தையும் வாக்குமூலத்தையும் நாளிதழ்கள் போடக்கூடாது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. நிருபர் எதையும் கற்பனை செய்யவில்லையே? போலீஸ் சொன்னதைத்தானே எழுதுகிறார்? தீர்ப்பு வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்து வருடம் போய்விடும். அதற்குள் பணமும் செல்வாக்கும் உள்ளவன் சாட்சிகளைக் கலைத்துவிடுவான். பத்திரிகைகள் விடாமல் எழுதியதால்தான் எத்தனையோ வழக்குகள் அமுங்காமல் நின்றன. நீங்கள் சொல்வது குற்றம் செய்தவனுக்குச் சாதகமாகத்தான் முடியும் என்று படுகிறது.

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

பத்திரிகைகளால் அமுங்காமல் நின்ற வழக்குகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செய்திகளை எடுத்துப் பாருங்கள். புகாரை வாங்க மறுத்தது, எஃப்ஐஆரில் முக்கியப் புள்ளியின் பெயரை விட்டது என்று போலீஸ் செய்யாததை எழுதியவைதான் அதிகம். நான் குறை சொன்னது வேறு ரகத்தை. போலீஸ் சொன்னதை அப்படியே தூக்கிப் போடுவதை.

‘பரபரப்பு வாக்குமூலம்’ என்ற பத்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். கொத்தனாரோ, கல்லூரி மாணவரோ, வட்டிக்கு விடுபவரோ, எல்லோரும் ஒரே நடையில்தான் பேசுவார்கள். “எங்களுக்குள் அடிக்கடி தகராறு ஏற்பட்டது. ஆத்திரமடைந்த நான் அருகில் கிடந்த அரிவாளை எடுத்து சரமாரியாக வெட்டினேன். தலைமறைவாக இருந்த என்னைப் போலீசார் சுற்றி வளைத்துப் பிடித்துவிட்டனர்.” தன்னைப் பிடித்தவர்களின் சாமர்த்தியத்தை இவ்வளவு அக்கறையாக எந்த மனிதன் எடுத்துச் சொல்வான்? ஸ்டேஷனில் உட்கார்ந்து யாரோ எழுதியது அது. பக்கத்திலேயே படம், கையில் மாவுக்கட்டு. கழிவறையில் வழுக்கி விழுந்தாராம்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே 25ஆவது பிரிவில் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 23ஆவது பிரிவில் அது இருக்கிறது. வாக்குமூலத்தை வைத்துக் கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆக, நீதிபதி கணக்கில் எடுக்கக்கூடாது என்று சட்டம் ஒதுக்கியதை நாம் டீக்கடையில் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். போலீஸ் அப்படிச் சொன்னது உண்மைதான். சொன்னது உண்மையா என்று நிருபர் பார்த்தாரா?

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், ஓட்டையோடு இருக்கிறது. நிலுவையிலுள்ள வழக்கில் நீதி வழங்குவதற்குக் குறுக்கே நிற்கும் செய்தி அவமதிப்பு ஆகலாம் என்கிறது 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம். ஆனால் அதன் 3ஆவது பிரிவின் கணக்குப்படி, குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகோ, கோர்ட் சம்மன் அல்லது வாரண்ட் அனுப்பிய பிறகோதான் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருப்பதாக அர்த்தம். கைதிலிருந்து குற்றப்பத்திரிகை வரையுள்ள நாட்கள் இதற்கு வெளியே நிற்கின்றன. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுவதோ அந்த நாட்களில்தான். கைதிலிருந்தே கணக்கு தொடங்கட்டும் என்று சட்ட ஆணையம் 2006இல் தன் 200ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. புலன்விசாரணை நடக்கும்போதே ஊடகம் தீர்ப்பு சொல்வது நீதியில் குறுக்கிடுவதுதான் என்று, நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணம் பற்றிய செய்திகள் தொடர்பான வழக்கில் 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றமும் சொன்னது. சட்டத்தின் வாசகம் மட்டும் அப்படியே கிடக்கிறது.

பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கைதான நிமிடத்திலிருந்தே பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கேயும் மீறினார்கள். 2010 டிசம்பரில் பிரிஸ்டல் நகரில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், 30ஆம் தேதி கைதானார். அவ்வளவுதான், அவருடைய தலைமுடி, பழக்கவழக்கம், தனியாக வாழ்ந்தது எல்லாம் சந்தேகத்துக்குரிய சங்கதிகளாகிவிட்டன. அச்சானதில் சில முழுப்பொய். ஆனால் முடி அப்படித்தான் இருந்தது, அவர் தனியாகத்தான் வாழ்ந்தார். ‘கற்பனை செய்யவில்லையே’ என்கிறீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கற்பனையே இல்லாமலும் ஒருவரைக் கொலைகாரராகக் காட்டலாம். அடுத்த மாதமே பக்கத்துக் குடியிருப்புக்காரர் கைதானார். 2011 அக்டோபரில் அவருக்குத்தான் தண்டனை கிடைத்தது. அதற்கு முன்பே, ஜூலையில், எட்டுப் பத்திரிகைகள் அந்த ஆசிரியருக்கு இழப்பீடு கொடுத்து மன்னிப்புக் கேட்டன. அவமதிப்புக்காக டெய்லி மிரருக்கு 50,000 பவுண்டும், சன் பத்திரிகைக்கு 18,000 பவுண்டும் தனியாக அபராதம். ஒருவரை இப்படி அசிங்கப்படுத்தியபின் அவருக்கு ஆதரவாகச் சாட்சி சொல்ல வரவிருப்பவர்களும் தயங்குவார்கள் என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. சாட்சி கலைவதைப் பற்றி நீங்களும் கவலைப்பட்டீர்கள். பத்திரிகையாலும் கலையும்.

அப்புறம், ‘குற்றம் செய்தவனுக்குச் சாதகம்’. சில வழக்குகளில் கைதானவரின் முகத்தைத் துணியால் மூடிக் கூட்டிவருகிறார்களே, எதற்கு? பலரை வரிசையாக நிறுத்தி, சாட்சியை ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு பாக்கி இருக்கும். அதற்கு முன்னாலேயே படம் வெளியாகிவிட்டால், “சாட்சி ஆளைப் பேப்பரில் பார்த்துத்தான் காட்டினார்” என்று கைதானவரின் வக்கீல் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். அந்தப் படத்தால் யாருக்குச் சாதகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வாயை மூடச் சொல்லவில்லை. என்ன புகார், எந்தப் பிரிவு, எந்த மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், ஜாமீன் மனுவில் இரண்டு தரப்பும் என்ன வாதாடின, எல்லாம் எழுதலாம். இவ்வளவையும் விட்டுவிட்டு வாக்குமூலத்தைப் பிடித்துத் தொங்குவதுதான் சோம்பேறித்தனம். செல்வாக்குள்ளவன் எங்கே தப்பிக்கிறான் தெரியுமா? குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், சிறையில் இருப்பவர் ஜாமீனை உரிமையாகவே கேட்டு வாங்கலாம். கைதான அன்று எட்டுப் பத்தி எழுதிய நிருபர் 91ஆம் நாள் கோர்ட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்து, தாமதம் ஏன் என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டு எழுதினால் உங்கள் கவலையில் பாதி தீரும்.

கைதான ஆள் விடுதலையானால், படம் போட்ட அதே பக்கத்தில் அதே அளவில் அதையும் போடுகிற தினசரி உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் எழுதுங்கள். சந்தா கட்டத் தயார்.